இந்த வருஷம் சுண்ணாம்பு வாங்க வேண்டாம்

மேதகு ஆயர் ஆண்டகை அவர்களுக்கும், எங்கள் பங்குச்சாமி அவர்களுக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் இரண்டாம் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பீடத்துக்குக் கீழே மேசை போட்டு ஒரு தாளை வைத்தீர்கள். 'சமாதான உடன்படிக்கை' என்று தலைப்பு. மேல்சாதியார் குடியிருக்கும் மேலத்தெருவிலிருந்து 14 பேர், தலித்துகளான எங்கள் தெருவிலிருந்து 14 பேர் என்று பெயர்களை அச்சடித்திருந்தீர்கள். 27 கையெழுத்து விழுந்துவிட்டது. என் பெயருக்கு நேரே உள்ள கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அதை நிரப்பச் சொல்லி மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டீர்கள். கடைசியாக வந்தவர் எங்கள் தெருக் குடும்பங்களின் செபக் குழுவான அன்பியத்தின் தலைவர். "டீச்சர், உங்க ஒருத்தர் கையெழுத்துலதான் ஊர் சமாதானம் நிக்குது" என்றார். நல்ல மனிதர் அவர். அவரை வாசலில் நிறுத்தி வைத்துச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். இந்த விஷயத்தைப் பங்குக்கு வெளியே யாரும் பேசக் கூடாது என்று அந்தத் தாளின் ஐந்தாவது ஷரத்து சொல்கிறது. அதனாலேயே இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

மற்ற நான்கு ஷரத்துகளையும் சொல்லிவிடுகிறேன். கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர் இப்போதுள்ள நிலையிலேயே தொடரும். எங்கள் பகுதிக்கு வாய்க்கால் கரையோரமாகத் தனியாகச் சிமெண்ட் ரோடு போட்டுத் தரப்படும். இரண்டு தரப்பும் போலீஸில் கொடுத்த புகார்களைத் திரும்பப் பெறும். போன ஐப்பசியில் பிரேதத்தைப் பெரிய வாசல் வழியாகக் கொண்டுபோன எங்கள் பையன்கள் 11 பேரும் மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும்.

அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பார்க்காதவர்களுக்காக. நெஞ்சளவு உயரம் இருக்கும். கல்லறைத் தோட்டத்தைத் தெற்கு வடக்காகப் பிரித்துக்கொண்டு போகிறது. இரும்புக் கதவும் சிலுவை வளைவும் உள்ள பெரிய வாசல் கிழக்கே இருக்கிறது. அது மேலத்தெருக்காரர்களின் பக்கம். மேற்கே எங்கள் பக்கம். எங்களுக்கு வாசல் என்று ஒன்று கிடையாது, வேலியில் ஒரு இடைவெளிதான். அங்கே போய்ச் சேர வாய்க்கால் கரையில் முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். திருமுழுக்கு எல்லாருக்கும் ஒரே தொட்டியில்தான். நற்கருணையும் ஒரே பாத்திரத்திலிருந்துதான். செத்த பிறகுதான் சுவர்.

என் அப்பா இந்தப் பங்கின் குழிவெட்டி. 31 வருஷம் சுவரின் இரண்டு பக்கமும் குழி வெட்டினார். கிழக்குப் பக்கம் செம்மண், மூன்றடிக்கு மேல் சரளை வரும், கடப்பாரை வேண்டும். மேற்குப் பக்கம் களிமண், மழைக்காலத்தில் வெட்ட வெட்டக் கரை சரியும். ஐந்தடியில் இரண்டு பக்கமும் ஒரே ஊற்றுத் தண்ணீர்தான் வரும் என்று அவர் சொல்வார். யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்பது பதிவேட்டைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். வேலைக்கு அவர் பெரிய வாசல் வழியாகவே போனார், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு. யாரும் தடுத்ததில்லை. 2015இல் அவர் இறந்தபோது, அவரது பெட்டியை வாய்க்கால் கரை வழியாகத்தான் கொண்டுபோனோம்.

வருஷா வருஷம் அக்டோபர் கடைசி வாரம் கோயிலிலிருந்து இரண்டு மூட்டை சுண்ணாம்பு வரும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் தோட்டம் முழுக்க வெள்ளையடிக்க வேண்டும். அப்பாதான் சுண்ணாம்பு குழைப்பார். வெள்ளை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று கொஞ்சம் நீலம் கலப்பார். நான் வாளி தூக்கிக்கொண்டு கூடவே போவேன். சிலுவைகளுக்கு ஒரு கை, சுற்றுச்சுவருக்கு ஒரு கை. நடுச்சுவருக்கு மட்டும் இரண்டு கை அடிக்கச் சொல்வார்கள், மந்திரிக்க வரும் சாமியின் கண்ணில் முதலில் படுவது அதுதான் என்பதால். எனக்கு அப்போது ஒன்பது வயது. சுவர் அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அதை இன்றைக்கு எழுதும்போதும் என் கை கூசுகிறது.

போன ஐப்பசியில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் உடன்படிக்கையின் முன்னுரையில் அது எழுதப்பட்டிருக்கும் விதம் சரியில்லை. 'சில இளைஞர்கள் உணர்ச்சிவசப்பட்டு வழக்கத்தை மீறியதால் ஏற்பட்ட அசம்பாவிதம்' என்று போட்டிருக்கிறீர்கள். நான் அங்கே இருந்தேன். இறந்தவன் 24 வயதுப் பையன், நான் ஐந்தாம் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்தவன். மழையில் பைக் சறுக்கிப் போய்விட்டான். மூன்று நாளாக விடாத மழை. வாய்க்கால் கரையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது, இடுப்பளவு தண்ணீர். பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் போன இருவருக்கும் கால் ஊன்றவில்லை. ஒருமுறை பெட்டி சாய்ந்தது. அவனுடைய அம்மா கரையில் நின்றபடி, "என் புள்ளைய தண்ணியில விட்டுராதீங்கடா" என்று கத்தினாள். அதைக் கேட்டுத்தான் பையன்கள் திரும்பினார்கள். தார் ரோட்டுக்கு வந்து, பெரிய வாசலைத் திறந்து, உள்ளே போய், நடுச்சுவருக்கு மேலே பெட்டியைத் தூக்கி இந்தப் பக்கம் இறக்கினார்கள். புதைத்ததும் எங்கள் பக்கத்து மண்ணில்தான். அவர்கள் எடுத்துக்கொண்டது வழியை மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை, ஒரு செத்த பிள்ளைக்காக.

அன்று ராத்திரி எங்கள் தெருவில் கல் விழுந்தது. இரண்டு பைக்குகளும் தெருவிளக்கும் உடைந்தன. எங்கள் பையன்களும் திருப்பி எறிந்தார்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை. மேலத்தெருப் பெரியவர் ஒருவருக்கு நெற்றியில் நான்கு தையல் போட்டார்கள். நான்காம் நாள் அவரைப் போய்ப் பார்த்தேன். எங்கள் தெருவிலேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் பேசவில்லை. அவருடைய மனைவி என்னை உட்காரச் சொன்னார். "எங்க மாமியாருக்கு உங்க அப்பாதான் டீச்சர் குழி வெட்டினாரு. அன்னைக்கும் இப்படித்தான் மழை. குழியில ஒரு சொட்டுத் தண்ணி நிக்காம இறைச்சு இறைச்சு வச்சிருந்தாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சுவர் அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, எதுக்கு வம்பு" என்றார். இரண்டையும் அந்த அம்மா மனதாரத்தான் சொன்னார். இரண்டும் ஒரே மனதில் எப்படி இருக்கின்றன என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

அப்புறம் போலீஸ் காவல், கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை, அதன் பிறகு பங்கில் சமாதானக் கூட்டம், கடைசியில் இந்தத் தாள்.

நம் பேச்சில் 'சமாதானம்' என்ற சொல்லுக்கு இன்னொரு வழக்கும் உண்டு. செய்த தப்புக்குச் சாக்குச் சொன்னால் 'சமாதானம் சொல்கிறான்' என்போம். அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து அழுகையை நிறுத்தினால் 'சமாதானப்படுத்தினேன்' என்போம். கேட்டது கிடைக்காமல் மனதைத் தேற்றிக்கொண்டால் அது 'மனசைச் சமாதானம் பண்ணிக்கொள்வது'. உடன்படிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சுவருக்குச் சாக்கு இருக்கிறது. எங்களுக்கு மிட்டாயாக ஒரு சிமெண்ட் ரோடு இருக்கிறது. மனதைத் தேற்றிக்கொள்ளும் வேலை முழுவதும் எங்களுக்கு இருக்கிறது. பூசையில் ஒருவருக்கொருவர் கைகூப்பிக் கொடுத்து வாங்குகிற சமாதானத்தை அதில் தேடினேன், கிடைக்கவில்லை.

கையெழுத்து வாங்கிய அன்று பிரசங்கத்தில், அமைதி ஏற்படுத்துவோர் பேறுபெற்றோர் என்ற வசனத்தைச் சாமி விளக்கினார். மலைப்பொழிவில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது. ஆண்டவர் 'ஏற்படுத்துவோர்' என்றுதான் சொன்னார். இல்லாத ஒன்றை உண்டாக்குகிற வேலை அது, கடப்பாரையும் மண்வெட்டியும் பிடிக்கிற மாதிரி உடம்பு நோகிற வேலை. அமைதியாக இருப்பவர்களைப் பற்றி ஆண்டவர் அங்கே பேசவில்லை. அதே மத்தேயு நற்செய்தியில், அமைதியை அல்ல, வாளையே கொண்டுவந்தேன் என்று சொல்பவரும் அவரேதான். நான் சிறு பெண்ணாக இருந்தபோது இந்த இரண்டு வசனமும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்று குழம்பியிருக்கிறேன். இந்தத் தாள் என் முன்னால் வந்த பிறகு எனக்குக் குழப்பமில்லை. உண்மையைச் சொன்னால் வீட்டுக்குள்ளேயே பிளவு வரும் என்று தெரிந்தும் அவர் சொன்னார். என் வீட்டிலும் வந்துவிட்டது.

இன்னொரு இடத்தையும் நீங்கள் எடுத்துப் படிக்க வேண்டும் என்று கேட்கிறேன், ஆண்டகை. எசேக்கியேல் 13ஆம் அதிகாரம். அமைதி இல்லாதபோது அமைதி என்று சொல்லி மக்களைத் தவறான வழியில் நடத்தும் போலி இறைவாக்கினரைப் பற்றி ஆண்டவர் அங்கே பேசுகிறார். மக்கள் ஒரு சுவரை எழுப்புகிறார்கள், இவர்கள் வந்து அதற்குச் சுண்ணாம்பு பூசுகிறார்கள் என்கிறார். பெருமழையும் கல்மழையும் புயலும் வந்து அந்தச் சுவர் விழும்போது, நீங்கள் பூசிய பூச்சு எங்கே என்று உங்களைக் கேட்க மாட்டார்களா என்கிறார். சுவர் கட்டியவர்களைவிட, பூசியவர்கள் மேல்தான் அவருக்கு அதிகக் கோபம். ஒன்பது வயதில் நானும் வாளி தூக்கியவள். அதனால் இந்த அதிகாரத்தை என்னால் யாரையோ பற்றியது என்று படித்துவிட்டுப் போக முடியவில்லை.

பேரவையில் ஒரு மூத்தவர் என்னிடம், "திருச்சபைக்கு ஒற்றுமைதானேம்மா முக்கியம்" என்றார். அந்தியோக்கியாவில் நடந்ததை அவருக்கு நினைவுபடுத்தினேன். பேதுரு அங்கே பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்தார்கள். அவர்களுக்குப் பயந்து பேதுரு மெதுவாகப் பந்தியை விட்டு விலகினார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் விலகினார்கள், பர்னபா உட்பட. அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஒரு சண்டையும் நடக்கவில்லை. ஒரு இலை காலியானது, அவ்வளவுதான். ஆனால் பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேராக எதிர்த்தார். அவர்கள் நற்செய்தியின் உண்மைப்படி நடக்கவில்லை என்று கலாத்தியருக்கு எழுதினார். முதல் திருத்தந்தையை எதிர்த்த அந்தக் கடிதத்தைத் திருச்சபை ஒளித்து வைக்கவில்லை. வேதாகமத்திலேயே சேர்த்து, பூசையில் வாசிக்கக் கொடுத்திருக்கிறது. நான் இந்த மடலை எழுதத் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. சுவரில் கை வைத்தால் ரத்தம் சிந்தும் என்கிறீர்கள். எறையூரை நீங்கள் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டதையொட்டி 2008 மார்ச் 9 அன்று அங்கே மோதல் நடந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் தலித்துகள் அல்லர், எதிர்த் தரப்பைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்காகவும் நான் செபமாலை சொல்லியிருக்கிறேன். ஆனால் எறையூரை வைத்து நீங்கள் எங்களைப் பயமுறுத்தும்போது ஒன்றை விட்டுவிடுகிறீர்கள். அங்கே பிரேதம் போகும் பாதையும் கோயிலில் இடமும் பல காலமாகப் பிரச்சினையாகவே இருந்தன.  இப்போது பேசாதீர்கள், இன்னும் கொஞ்ச காலம் போகட்டும் என்று சொல்லிச் சொல்லியே ஒரு நாள் துப்பாக்கி வரைக்கும் வந்தது. நம் ஊரையும் அதே வழியில் விடப் போகிறீர்களா என்பதுதான் என் பயம்.

சுவரை இடித்த குருக்களும் இதே மண்ணில் இருந்திருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயில், சாதிக்கு ஒரு பகுதியாக இரண்டு கூடங்களோடு, பீடத்தின் அருகே மட்டும் சேரும்படி அமைந்திருந்தது. நடுவில் பிரிக்கும் சுவர். 1910இல் ஏசு சபைக் குருக்கள் அந்தச் சுவரை எடுத்தார்கள். கலவரம் வந்தது. தங்களுக்குத் தனியிடம் உரிமை என்று கேட்டு ஒரு தரப்பார் ஆயர் மீதே வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். தோற்றார்கள். கோயிலுக்குள் சாதிப்படி தனியிடம் கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை என்று தீர்ப்பானது. வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம், அரசியல் சாசனம் இல்லை, தீண்டாமையை ஒழித்த அதன் 17ஆவது பிரிவும் இல்லை. அப்போதே ஒரு ஆயரால் அந்தப் பழியைத் தாங்க முடிந்திருக்கிறது. 115 வருஷம் கழித்து நம் மறைமாவட்டத்தால் நெஞ்சளவு உயரச் சுவர் ஒன்றை எடுக்கும் பழியைத் தாங்க முடியவில்லை என்றால் அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

மேலிடத்தின் சம்மதம் வேண்டும் என்றால் அதுவும் எப்போதோ வந்துவிட்டது. அமைதி என்பது போர் இல்லாத நிலை மட்டும் அல்ல, அது நீதியின் விளைவு என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே எழுதிவிட்டது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தால்கூட அது நற்செய்திப் பணிக்குப் பெரிய தடை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களிடம் நேரிலேயே சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. நாட்டின் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அதில் இருக்கிறது. அந்த அறிக்கையின் பிரதி நம் பங்கு அலுவலகத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

உடன்படிக்கை மேசை போட்டது ஆகஸ்ட் 10 அன்று. அன்று என்ன நாள் என்பது உங்களுக்குத் தெரியும். 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையால்தான் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லாமல் போனது. அதனால் அந்த நாளைக் கறுப்பு நாளாகத் திருச்சபையே அனுசரிக்கிறது. அன்று காலையும் கோயில் வாசலில் கறுப்புக் கொடி கட்டியிருந்தீர்கள், நானும் ஒரு கொடி பிடித்தேன். மதம் மாறினாலும் சாதிக் கொடுமை எங்களை விடவில்லை, ஆகவே உரிமையைத் திருப்பிக் கொடு என்று அரசாங்கத்திடம் கேட்கிறோம். அந்தக் கொடுமைக்குச் சான்றாகத் தனிக் கல்லறைகளைத்தான் காட்டுகிறோம். வெளியே கொடி கட்டிவிட்டு உள்ளே வந்து, அதே கல்லறைச் சுவர் 'இப்போதுள்ள நிலையிலேயே' தொடரும் என்ற தாளில் எப்படிக் கையெழுத்து வாங்குவது, ஆண்டகை? என் சாதிச் சான்றிதழில் கிறித்துவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நான் புகார் கொடுக்க முடியாது. போலீஸ் ஸ்டேஷன் கதவு எனக்குப் பாதிதான் திறக்கும். முழுதாகத் திறக்க வேண்டியது உங்கள் கதவு.

சிமெண்ட் ரோட்டைப் பற்றி. கொடுப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுக்கிறார்கள் என்று நம்புகிறேன். எங்கள் பெண்களில் பலருக்கு அது பெரிய நிம்மதியாகத் தெரிகிறது, அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இதுநாள் வரை அந்தச் சுவர் ஒரு பழைய தப்பு, யாரோ எப்போதோ செய்தது என்று இருந்தது. அதை ஒட்டிப் புதிதாகப் பணம் ஒதுக்கித் தனி ரோடு போட்டால், அது நாமே அறிந்து செய்த தப்பாகிவிடும். இன்னும் 50 வருஷத்துக்கு யாரும் சுவரைத் தொட முடியாது. 'உங்களுக்குத்தான் நல்ல ரோடு இருக்கிறதே' என்பார்கள்.

மன்னிப்புக் கடிதத்தைப் பற்றியும். பலிபீடத்தில் காணிக்கை வைக்கப் போகும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பதாக நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்றார் ஆண்டவர். யார் போக வேண்டும் என்பதை அதில் கவனியுங்கள். மனத்தாங்கல் உள்ளவன் வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எவன்மேல் மனத்தாங்கல் இருக்கிறதோ, அவன் எழுந்து போக வேண்டும் என்றார். இங்கே பல தலைமுறையாக மனத்தாங்கல் எங்களுக்கு. மன்னிப்புக் கடிதமும் எங்கள் பிள்ளைகளிடமே கேட்கிறீர்கள். கல் எறிந்ததற்காகக் கேட்டிருந்தால் நானே அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். பெட்டியைத் தூக்கியதற்காகக் கேட்கிறீர்கள்.

என் அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, "அப்பா இருந்திருந்தா போட்டிருப்பாரு" என்றார். ஒரு வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அது உண்மை. அப்பா போட்டிருப்பார். குடியிருந்த மனை மேலத்தெருக்காரர் ஒருவருடையது, அம்மா கூலிக்குப் போன வயல் இன்னொருவருடையது. வேண்டாம் என்று சொல்லும் வசதி அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. எனக்கு இருக்கிறது. அரசுச் சம்பளம் வாங்குகிறேன், வங்கிக் கடனில் கட்டிய சொந்த வீட்டில் இருக்கிறேன். அப்பா பொறுத்துப்போனதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பொறுத்துப்போனது போல நானும் பொறுத்துப்போனேன் என்று சொல்லிக்கொண்டால் அது பொய்யாகிவிடும். எனக்கு அது வெறும் சௌகரியம். ஞாயிறு தோறும் நற்கருணை வாங்கப் போகும் நாக்கை வைத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல என்னால் முடியவில்லை. அண்ணன் இப்போது என்னோடு பேசுவதில்லை. அந்த வலி எனக்கு இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அதைப் போக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வராமலும் இல்லை.

ஆண்டகை அவர்களிடமும் பங்குச்சாமியிடமும் பேரவையிடமும் நான் கேட்பது இவைதான்.

அந்த உடன்படிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அதிலுள்ள 27 கையெழுத்தையும் யார்மீதும் சாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். பேசக் கூடாது என்ற ஷரத்தை எந்தப் புதிய தாளிலும் மறுபடி எழுதாதீர்கள்.

நடுச்சுவரை எடுக்க ஆயர் என்ற முறையில் எழுத்து மூலம் ஆணை கொடுங்கள். அதில் தேதி இருக்க வேண்டும். அந்தத் தேதி வருகிற நவம்பர் 2க்கு முன்னால் இருக்க வேண்டும். பங்கில் இருக்கும் இரண்டு கல்லறைப் பதிவேடுகளையும் ஒன்றாக்கி, இனி இறப்பவர்களை இறந்த வரிசையில் புதைக்க உத்தரவிடுங்கள். பெரிய வாசல் எல்லாப் பெட்டிகளுக்கும் திறக்கட்டும்.

அந்த ஆணையைச் சுற்றறிக்கையாக அனுப்பிவிடாமல் நீங்களே நம் கோயிலுக்கு வந்து பீடத்திலிருந்து வாசியுங்கள். பாதுகாப்பு வேண்டும் என்றால் மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அதோடு, வருவதற்கு முன்னால் மேலத்தெருவில் வீடு வீடாக ஏறி உட்கார்ந்து பேசுங்கள். அவர்களும் உங்கள் மந்தைதான், அவர்களைக் கோர்ட்டுக்கும் போலீஸுக்கும் விட்டுவிட வேண்டாம். நெற்றியில் தையல் போட்ட பெரியவர் வீட்டிலிருந்து தொடங்கலாம், நானும் கூட வருகிறேன்.

பையன்கள் 11 பேரிடமும் கேட்ட மன்னிப்புக் கடிதத்தைக் கைவிடுங்கள். அதற்குப் பதிலாக, அந்த ராத்திரி கல் எறிந்த இரண்டு தெருக்காரர்களையும் கோயிலில் கூட்டுங்கள். எங்கள் பையன்கள் முதலில் எழுந்து மன்னிப்புக் கேட்பார்கள், பெரியவரின் ஆஸ்பத்திரிச் செலவையும் கொடுப்பார்கள். அவர்களிடம் நான் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார்கள். உடைந்த பைக்குகளைப் பற்றி அந்தப் பக்கத்திலிருந்து யாராவது ஒருவர் பேசினால் போதும்.

சிமெண்ட் ரோட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் வாய்க்கால் கரையைப் பலப்படுத்துங்கள். ஐப்பசியில் அது இரண்டு தெரு வயலுக்குள்ளும் உடைத்துக்கொண்டு போகிறது.

இன்னும் சில வாரத்தில் கல்லறைத் திருநாள் வேலை தொடங்கிவிடும். கோயில் கணக்கில் இரண்டு மூட்டை சுண்ணாம்புக்குப் பணம் எடுப்பீர்கள். சிலுவைகளுக்கும் சுற்றுச்சுவருக்கும் ஒரு மூட்டை போதும், அப்பா அந்தக் கணக்கை எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டாவது மூட்டையை இந்த வருஷம் வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பங்கின் குழிவெட்டி மகள்,
அரசுப் பள்ளி ஆசிரியை